இடிதோளன் ஏன் விழுகிறான்

“ஹலோ... ஆமா, ஓவியர்தான் பேசறேன்... ஆமா, ஆமா, வந்துச்சு மேடம். தாள் வந்துச்சு. கையெழுத்துதான் இன்னும் போடல.”

கையெல்லாம் மை. போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்தார். பக்கத்திலேயே அந்தத் தாள். இருபத்தாறு வருடமாக அவர் வரைந்த இடிதோளன் காமிக்ஸ் புத்தகத்தை விட்டு இறங்கி, சினிமா, டிவி கார்ட்டூன், வீடியோ கேம், பொம்மைக்கடை என்று நாலு பக்கமும் கிளம்பப் போகிறான். இனி எங்கே போனாலும் உடம்பு இப்படித்தான் என்று, இந்த மேடம் வேலை பார்க்கும் பதிப்பகம் அளவு போட்டு அனுப்பியிருந்தது. தாளில் இரண்டு தோளும் கொத்தனார் மட்டம் பார்த்த சுவர்போல நேராக இருந்தன.

“நாலு மணிக்குள்ளயா? இப்பவே மூணேகால் ஆச்சே... இழுத்தடிக்கல மேடம். திருத்தச் சொன்னீங்க, மூணு தடவை திருத்தி அனுப்பினேன்... என்னது, நேத்து அனுப்பினதும் சாஞ்சிருக்கா?... ஸ்கேல் வெச்சே பாத்தாச்சா... ஆறு மில்லிமீட்டர். ம்.”

கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கண்ணைத் தேய்த்தார். நேற்று வரைந்தது அவர் பார்வைக்கு நேராகத்தான் இருந்தது. சத்தியமாக நேராகத்தான் இருந்தது.

ஜன்னலோரம் அண்ணன் உட்கார்ந்து சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். கிடங்கில் முப்பத்தொரு வருடம் மூட்டை தூக்கித் தம்பியை ஆளாக்கிய உடம்பு. இடது தோள் மூன்று விரல் அகலத்துக்குக் கீழே இறங்கியிருக்கும். சின்ன வயதிலிருந்து அதையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு எது நேர், எது கோணல்?

“வேணும்னு பண்ணலம்மா. எனக்கு நேராத்தான் தெரியுது... கண் டாக்டரா? சரி, பாக்கறேன்... ஏன் அப்படி வரைஞ்சேன்னா... என்ன சொல்றது. முதல் புத்தகத்துலயே அப்படி விழுந்துடுச்சு. கை பழகிடுச்சு. தப்புன்னே வெச்சுக்கங்களேன்.”

ஊசி நின்றது. அண்ணன் நிமிரவில்லை. இத்தனை வருடத்தில் அவர் அந்தப் புத்தகத்தை ஒரு தடவைகூடப் பிரித்துப் பார்த்ததில்லை. இடிதோளனின் தோள் யாருடையது என்று தம்பியும் வாய் திறந்ததில்லை.

“இல்ல, சினிமாக்காரங்க கேக்கறது புரியுது. நிமிந்து நின்னாத்தான் ஹீரோ... பொம்மைக்கு என்ன?... என் பழைய படத்தைப் பாத்துச் செஞ்ச மாதிரிப் பொம்மை வந்துடுச்சா, கையிலயே இருக்கா... நிக்க மாட்டேங்குதா? எந்தப் பக்கம் விழுது?... இடது. அது சரி, அவன் தோள்ல நான் வரைஞ்ச மூட்டை எங்க மேடம்?... எடுத்துட்டாங்களா... சண்டை போட இடைஞ்சலா... ஓ, அதுக்குப் பதிலா முதுகுல துணி பறக்குதா. பறக்கட்டும், பறக்கட்டும்.”

நாற்காலியில் சாய்ந்தார். காலையிலிருந்து ஐந்தாவது போன். பதிப்பக முதலாளி ஒரு தடவை, கார்ட்டூன்காரர் இரண்டு தடவை, இந்த அம்மா இதோடு இரண்டு. அவர் போடாவிட்டால் வேறொருவர் போட்டுவிட்டுப் போவார். தோள் எப்படியும் நேராகிவிடும்.

“சரி மேடம்... சரிங்க. போட்டுத் தொலைக்கறேன். மல்லுக்கட்ட எனக்குத் தெம்பு இல்ல.”

பேனா மூடியைக் கழற்றினார். அண்ணன் சட்டையை மடியில் போட்டுவிட்டு, “இந்தா” என்பதுபோலக் கையை ஆட்டி, தன் வலது தோளைத் தட்டிக் காட்டி ஏதோ முணுமுணுத்தார்.

“ஒரு நிமிஷம் மேடம்... எங்கண்ணன் என்னமோ சொல்றார்... இருங்க, இருங்க, வெச்சுடாதீங்க. அந்தப் பொம்மை தோள்ல எதையாவது வைங்களேன்... எதாச்சும். அழிக்கிற ரப்பர் இல்லையா ஆபீஸ்ல?... வெச்சீங்களா?... விழுந்துடுச்சா. எந்தத் தோள்ல வெச்சீங்க?... அய்யோ, இடதுல யாராவது வைப்பாங்களா! அது இறங்கின தோள். சுமை வலதுல மேடம், வலதுல. வலதுல பாரம் ஏறுறதாலதான் உடம்பு இடது பக்கம் சாயுது. சாயலேன்னா ஆளு மூட்டையோட கவுந்துடுவான்னு சொல்றார்... ஆமா, தூக்கினவர்தான்.”

 அந்தப் பக்கம் ஒரு நாற்காலி நகர்வது கேட்டது.

“ஹலோ?... நிக்குதா?... மேஜையைத் தட்டிப் பாருங்க... நிக்குது. ம். நிக்கும்.”

பதிலுக்குக் காத்திராமல், தாளில் இருந்த நேர்த்தோளைக் குறுக்கே அடித்தார். ஸ்கேலைத் தொடவில்லை. ஒரே இழுப்பில் இடது தோளைக் கீழே இறக்கினார். வலது தோளில் மூட்டையை ஏற்றினார். அடியில் கையெழுத்து.

“போட்டாச்சு மேடம்... ஆமா, அடிச்சுட்டுத்தான் போட்டேன். சினிமாவுலயும் இதே தோள்தான். எல்லாத்துலயும் ஒரே உடம்புன்னு நீங்கதானே தாள்ல அச்சடிச்சு அனுப்பினீங்க?... அவங்ககிட்ட நீங்க பேசிக்கங்க... என்ன கேட்டீங்க?... யார் தோளா?”

அண்ணன் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். பொத்தானை இழுத்துப் பார்த்தார். காது மட்டும் இந்தப் பக்கம்.

“இவரோடதும்மா. இங்க உக்காந்திருக்காரே, எங்கண்ணன்... ஆமா. தப்பு இல்ல, பாத்துத்தான் வரைஞ்சேன்.”

அண்ணன் எழுந்து, தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டார். ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கி, எப்போதும் போலத்தான் நின்றது சட்டை.

“நல்ல யோசனையா? சொல்லுங்க... மூட்டையைத் தனியாவா?... தனிப் பெட்டியில விப்பீங்களா! அப்போ மூட்டை வாங்காத வீட்டுல அவன்... ஆமா, விழுவான். நல்லா விழுவான்... அப்பத்தான் வாங்குவாங்களா. சரிதான். செய்யுங்க.”

அண்ணன் சத்தமில்லாமல் சிரித்தார். தோள் மட்டும் குலுங்கியது.

“மேடம், ஒண்ணே ஒண்ணு. பொம்மை வந்ததும் இங்க ஒண்ணு அனுப்புங்க... எனக்கில்ல, எங்கண்ணனுக்கு... தனித்தனியா வேணாம்மா, மூட்டையோட. எழுதிக்கிட்டீங்களா? மூட்டை இல்லாம அனுப்பிடாதீங்க... ஹலோ?... மேடம், மூட்டையோட... ஹலோ?”