கிணறு மூச்சுவிட ஒரு பைப்

மார்ச் 12, புதன்

தவறு: நான்கு அங்குல பைப்புக்குப் பதிலாக இரண்டு அங்குலம் வாங்கியிருக்கிறேன். நேற்றே நட்டாகிவிட்டது. இன்றுதான் கவனித்தேன்.

அம்பத்தூரில் மாலை வகுப்பெடுக்கும் தோட்டக்கலை மாஸ்டர் நாட்குறிப்பை இப்படித்தான் எழுதச் சொல்லியிருக்கிறார். முதலில் தவறு, கடைசியில் மறுநாள் வேலை. நடுவில் என்ன எழுதுவதென்று அவர் சொல்லவில்லை. நடந்ததை எழுதுகிறேன்.

நசரத்பேட்டைக்குப் பின்னாலுள்ள பழைய பங்களாத் தோட்டம் பொதுப் பூங்காவாகிறது. பகலில் அங்கே காண்டிராக்டரிடம் மேற்பார்வை வேலை எனக்கு. வரைபடமும் என்னுடையது, நான் போட்ட முதல் வரைபடம். நடுவில் பெரிய வட்டப் புல்வெளி, அதிலிருந்து எட்டுத் திசைக்கும் பாதைகள். எதையும் இரண்டு முறை சரிபார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது. அப்படிப் பார்த்துப் பார்த்துப் போட்ட வட்டத்தின் நடுவில் ஒரு வற்றிய கிணறு இருந்தது. கிணற்றோடு கஜபதியும் இருந்தார்.

கஜபதி இந்தச் சொத்தின் கடைசி வாரிசு. பங்களா தாத்தா கட்டியது, மாமரங்கள் அப்பா வைத்தவை. இவர் அவற்றின் நிழலில் உட்கார்ந்தார். தோட்டத்தை நகராட்சிக்குத் தானமாகக் கொடுத்துவிட்டு, கல்வெட்டில் பெயரும் தங்கிக்கொள்ள ஓர் அறையும் வாங்கிக்கொண்டார். கொடுத்த பிறகும் சொந்தக்காரர் நடை போகவில்லை. மத்தியானம் சாப்பிட்டதும் செருப்பைக் கிணற்று விளிம்பில் கழற்றிவிட்டு, படியிறங்கி, முன்பு மோட்டார் இருந்த கல் மாடத்தில் படுத்துக்கொள்வார். ஏசியைவிடக் குளுமையாம். பரம்பரைப் பெருமை முழுவதும் அந்தக் குறட்டையில் கேட்கும்.

போன வாரம் ஆட்கள் முன்னால் என் வரைபடத்தைப் பிரித்துப் பார்த்தார்.

"இன்னா தம்பி இது, தோசைக்கல்லா? சுத்தி எட்டு கரண்டி வேற சொருவிகீற."

எல்லோரும் சிரித்தார்கள். செடி வேலை செய்யும் ராணியும் சிரித்தாள்.

"கிணறு நடுவுல வருது சார். மூடித்தான் ஆகணும்."

"எங்க கெணத்த மூட நீ யாருப்பா? ஆவடி குவாட்டர்ஸ்ல தொட்டியில ரோஜா வச்சிகினு இருந்த ஆளு. கெணறு இங்கதான் இருக்கும். உன் தோசைய தள்ளி ஊத்து."

பெரியவர் சம்மதித்தால் கிணற்றை மூடு, இல்லாவிட்டால் வட்டத்தை நகர்த்து என்றார் காண்டிராக்டர். நகர்த்தினால் வட்டம் மதில்சுவரில் போய் வெட்டுப்படும். வெட்டுப்பட்ட வட்டம் வட்டமில்லை. இது புரிகிற ஆள் இங்கே ஒருவரும் இல்லை. நேற்றுக் காலை கஜபதி பாடியிலிருக்கும் மகள் லாவண்யா வீட்டுக்குப் போயிருந்தார். அவர் சம்மதித்துவிட்டார் என்று காண்டிராக்டரிடம் சொன்னேன்.

பைப் கேட்டது ராணி.

"மூச்சு உடாம கெணத்த மூடக்கூடாது சார், ஆவாது. ஒரு பைப்ப நட்டுட்டு அப்பால மண்ணு கொட்டுங்க."

கிணற்றுக்கு நுரையீரல் உண்டென்று நம்புகிறவர்களை வைத்துக்கொண்டு நான் பூங்கா கட்டுகிறேன். வாதாடாமல் வாங்கி வந்தேன். அவள் மஞ்சள் தூவிப் பால் ஊற்றினாள். பைப்பை மாடத்தை ஒட்டி நிறுத்திக் கட்டிவிட்டு ஆட்கள் சாப்பிடப் போனார்கள்.

அப்போது கஜபதி பாடியிலிருந்து திரும்பி வந்தார். நான் மட்டும்தான் அங்கே இருந்தேன். பைப் எதற்கு என்றார். மழைநீர் சேகரிப்புக்கு என்றேன்.

"அப்டி வா வழிக்கு" என்று என் முதுகில் தட்டிவிட்டுப் படியிறங்கினார்.

குறட்டை கேட்கத் தொடங்கியபின் முதல் லாரி வந்தது. இடித்த மாட்டுக்கொட்டகையின் கல்லும் செங்கல்லும். டிரைவர் பின்பக்கமாக வண்டியைக் கொண்டுவந்து, "உள்ள ஆளு யாராச்சும் கீறாங்களா பாரு நைனா" என்றார். பார்த்தேன். வழக்கப்படி இரண்டு முறை. முதல் முறை விளிம்பில் செருப்பு இருந்தது. இரண்டாம் முறை இல்லை. என் கையில் இருந்தது. கொட்டச் சொன்னேன்.

நான் யாரையும் தள்ளவில்லை. அவர் தானாக இறங்கினார்.

இன்று காலை லாவண்யா போன் செய்தார். அப்பா இங்கே வந்து சேரவில்லை என்றேன். பாடி மேம்பாலத்திலிருந்து பஸ் பஸ்ஸாக விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள். பாவம்தான்.

மண்ணைச் சமன் செய்யும்போது ராணி நிமிர்ந்தாள்.

"இன்னா சார், பைப்லேந்து ஒரு மாரி சத்தம் வருது?"

"நீ சொன்னதுதான். கிணறு மூச்சு விடுது."

கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கற்பூரம் ஏற்றினாள். அவள் சொன்னதை ஒரு படித்தவன் ஒப்புக்கொண்டதில் அவளுக்கு அவ்வளவு சந்தோஷம்.

அவள் நகர்ந்தபின் பைப்பில் காதை வைத்தேன். காற்றாக இருக்குமோ என்று சந்தேகம். மறுபடியும் வைத்தேன்.

"தம்பி... கெணறு வோணாம்பா. வட்டமே போட்டுக்க..."

ஆகவே காண்டிராக்டரிடம் நான் சொன்னது பொய்யில்லை. கஜபதி சம்மதித்துவிட்டார். ஒரு நாள் தாமதம், அவ்வளவே.

நாளைய வேலை: காட்டுப்பாக்கம் கடையில் பைப்புக்கு ஒரு மூடி வாங்கி, பசை தடவி அடைக்க வேண்டும். இரண்டு அங்குலம். இந்த முறை அளவைச் சரியாகச் சொல்லிக் கேட்க வேண்டும்.