விட்டுக்கொடுத்த உதவித்தொகை

ராசிபுரம் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில், மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்குப் பள்ளி நடத்தும் இரண்டு பெண்கள். நகராட்சியில் உதவித்தொகை கேட்கப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

"நீ வெளிய நிக்கையில, நமக்கு வேண்டாம், பெருசுங்களுக்குச் சாப்பாடு போடறவிங்களுக்கே குடுத்துருங்கன்னு எழுதிக் குடுத்துட்டேன் கண்ணு," என்றார் மூத்தவர்.

"ஏனுங்கக்கா? நம்ம வேன் நின்னு போயிருமுங்களே!"

"ஒருத்தருக்குத்தான் தருவாங்களாம். அவிங்களுக்கு இல்லீன்னா, படுக்கையில கெடக்கறவங்க பட்டினி கெடக்கோணும். நம்ம புள்ளைங்கள நாமளே ஊடு ஊடாப் போய்க் கூட்டியாரலாம்."

இளையவர் விரல்விட்டுக் கணக்குப் போட்டார்.

"மல்லூர்ப் பக்கத்துப் புள்ளைங்கள நான் ஸ்கூட்டர்ல கூட்டியாரனுங்க. ஆனா நம்ம காவ்யாவால அதுல உக்கார முடியாதுங்களே?"

"அவள நான் தூக்கியாரேன்."

"அவளுக்குப் பதிமூணு வயசாச்சுங்கக்கா."

"தெரியும். ஸ்கூட்டர நிறுத்திட்டு நீயும் ஒரு கை புடி," என்றார் மூத்தவர்.