புதுச் சுண்ணாம்பு அடித்த சுவர்

எங்கள் வீட்டுச் செங்கல் நல்ல செங்கல், ஐயா. விரலால் தட்டினால் வெண்கலம் மாதிரி ஒலிக்கும். பாலாற்றில் வெள்ளம் ஓடும் காலத்தில் பரிசல்கள் வந்து ஒதுங்குமே, அந்தப் பழைய துறையில் என் தாத்தா கட்டியது. ராமலிங்கம் வீடு என்றால் ராணிப்பேட்டை வரைக்கும் தெரியும்.

பிளேக் வந்த வருஷம் அது. நோயாளி இருக்கும் வீட்டைக் கண்டால் சர்க்கார் ஆட்கள் கூரை ஓட்டைப் பிரித்து, சாமான்களைக் கொளுத்தி, ஆளை ஊருக்கு வெளியே முகாமுக்குத் தூக்கிப் போவார்கள். எதிர் வீட்டுக்கு அப்படித்தான் ஆயிற்று. கூரையில்லாத அந்தச் சுவர்கள் மழையில் கரைந்து விழுந்ததைப் பார்த்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. பயந்து செத்தேன், மறைப்பானேன்.

அந்த வாரமே என் தங்கை அமிர்தவள்ளிக்குக் காய்ச்சல். புருஷனை இழந்து என்னோடு இருந்தவள். அக்குளில் ஒரு கட்டி வேறு. தோல் பதனிடுகிறவர்களுக்கு விற்கும் ஆவாரம்பட்டையை அடுக்கிவைக்கும் உள்ளறையில் அவளைப் படுக்கவைத்தேன். தண்ணீர் வைத்தேன், கஞ்சி வைத்தேன். பிறகு வாசலைச் செங்கல் வைத்து அடைத்தேன். சோதனை முடிகிற வரைக்கும்தான் என்று சொன்னேன்.

"சீக்கிரம் வந்து எடுத்துடுண்ணா" என்றாள்.

வீட்டுக்கு வீடு சுண்ணாம்பு அடிக்கச் சொல்லி உத்தரவு. அடைத்த வாசலையும் சேர்த்து நானும் அடித்தேன். சோதனைக்கு வந்த அதிகாரி ஈரம் காயாத அந்தச் சுவரைப் பார்த்து, "வீடுன்னா இப்பிடி வெச்சிக்கணும்" என்று தன் ஆட்களிடம் மெச்சினார். அப்போது பார்த்து வள்ளி தட்டினாள்.

"இன்னாய்யா சத்தம்?"

"பின்கட்டுல பட்டை இடிக்கறாங்க, தொரை."

அவர் போன பிறகு உள்ளிருந்து குரல் வந்தது. "அண்ணா, காச்சல் உட்டுட்சி. கட்டியும் ஒடஞ்சிட்சி. வாயேன்."

சுவரில் கை வைத்துக்கொண்டு நின்றேன். இடித்தால் அக்கம்பக்கத்துக்குக் கேட்கும். ஏன் அடைத்தாய் என்பார்கள். அதிகாரி திரும்பி வருவார், ஓட்டைப் பிரிப்பார். நாளைக்கு என்றேன். மறுநாளும் நாளைக்கு என்றேன். ஒடுகத்தூரில் மாமியார் வீட்டுக்குப் போய்விட்டாள் என்று ஊரில் சொல்லிவைத்தேன். தட்டுவது நின்ற பிறகுதான் எனக்குப் பயம் ஜாஸ்தியாயிற்று. இப்போது எந்தச் சுவரில் சாய்ந்தாலும் அந்தச் சத்தம் கேட்கிறது.

வீட்டுக்காகச் செய்தேன் என்று ஊர் பேசும். நம்பாதீர்கள். முகாமில் அநாதையாகக் கிடக்க விடாமல், சொந்த வீட்டில் வைத்துக்கொண்டேன். வள்ளிக்காகத்தான் செய்தேன்.

இடிக்க ஆள் கூட்டி வந்திருக்கிறீர்கள். மெதுவாக இடிக்கச் சொல்லுங்கள், ஐயா. மாடி உத்திரம் அந்த வாசலுக்கு மேலேதான் இருக்கிறது.