தீவே எனக்காக அழுதது

தேவகோட்டையிலிருந்து காரைக்குடி போகும் பஸ்ஸில் முன்சீட்டுக்காரர் திடீரென்று, “அந்தத் தீவுல எனக்காக ஊரே அழுதுச்சு மாப்ளே” என்றார். அவர் இந்தோனேசியாவில் பாமாயில் ஆலையில் வேலை பார்க்கிறார், லீவில் வந்திருக்கிறார் என்பது அதற்குள் பஸ்ஸுக்கே தெரிந்திருந்தது. பக்கத்தில் அவர் மைத்துனர்.

“ஏன் அத்தான், ஒடம்புக்கு முடியாம இருந்தீகளா?”

“நல்லாத்தான் இருந்தேன். ஆலைக்குப் பக்கத்துல ஒரு சின்னத் தீவுக்குப் போயிருந்தேன். வாரத்துக்கு ஒரு படகு, பாதி நேரம் கரண்டு இல்ல, இதெல்லாம் ஒரு ஊரான்னு அந்த ஊர்க்காரககிட்ட எளக்காரமாப் பேசி, எங்க கீழச்சிவல்பட்டி வீட்டுப் போட்டோவக் காட்டுனேன்.”

“அசந்திருப்பாகளே!”

“‘இம்புட்டுப் பெரிய வீட்டுல ஏன் ஆளே இல்ல, கொள்ளை நோயா?’ன்னாக. பொழைக்கப் போயிட்டாகன்னேன். ‘பக்கத்து வீடு?’ன்னாக. அதுவும் பூட்டித்தான் கெடக்குன்னேன். ஒரு அம்மா கண்ணத் தொடச்சுச்சு.”

“அப்பறம்?”

“கூடிப் பேசுனாக. ‘எங்க பிள்ளைகளுக்கும் இங்க பொழப்பு இல்ல. நாலு குடும்பத்த அனுப்புறோம், உன் வீட்டுல குடியிருக்கட்டும்’னாக.”

மைத்துனர் சிரித்துவிட்டார். “நீக என்ன சொன்னீக?”

“என்னத்தச் சொல்ல? பங்காளிக அம்புட்டுப் பேரும் கூடுனாத்தான் கதவத் தொறக்க முடியும், நானே லீவுக்கு வந்தா லாட்ஜுலதான் தங்குறேன்னேன். அப்பத்தான் ஊரே அழுதுச்சு.”