கரைக்கு ஓர் ஆள்

காலையில் ஐயம்பேட்டையிலிருந்து காஞ்சிபுரம் வந்த ஷேர் ஆட்டோ. எனக்கு எதிரே இரண்டு பெண்கள், நடுவில் புது யூனிபார்மில் ஒரு சிறுமி. பன்னிரண்டு வயது இருக்கும். இருவரில் இளையவள் அவளுடைய அம்மா.

"தறியில நான் ஒருத்திதான் உக்கார்றேன்னு, புள்ளைங்கள வேலைக்கு வெச்சிருக்கோமான்னு பாக்க வந்த ஆபீசரம்மாகிட்ட சொன்னேன்க்கா. அதுலதான் மாட்டிக்கினேன்."

"தறியில என்னா சேலை இருந்துச்சு?"

"உடம்பு பச்சை, கரை அரக்கு."

"ஏம்மா, கரைய வேற கலர்ல கோத்து நெய்யற கோர்வைச் சேலைய ஒத்த ஆளு எப்டி நெய்யறது? பக்கத்துல ஒருத்தர் உக்காந்து கரை நூலுக்குத் தனியா நாடா போட வேணாமா?"

"அந்தம்மாவும் நெசவுக்காரங்க வூட்டுப் பொண்ணாம். சேலையப் பாத்துச்சு, இவ வெரலப் பாத்துச்சு. ஒண்ணும் திட்டல. மறுநாளே ஸ்கூல்ல சேத்துட்டாங்க."

"நல்லதுதான். இப்ப கரைக்கு யாரு உக்கார்றாங்க?"

அம்மா வெளியே பார்த்தாள். ஆட்டோ ஒரு வேகத்தடை ஏறி இறங்கியது.

"சின்னவதான். ஏழு வயசு ஆவுது. ஆபீசரம்மா வந்தப்ப உள்ள தூங்கிக்கினு இருந்தா, அவ பேர எழுதிக்கல. அவளும் இல்லன்னா தறி நின்னுடும்க்கா."

அதுவரை பேசாதிருந்த சிறுமி, மடியிலிருந்த பையைப் பார்த்தபடியே சொன்னாள்:

"அவளுக்குக் கை எட்டலமா. எக்கி எக்கிப் போடறா. சாயந்திரம் வந்து நானே உக்கார்றேன். அவள வுட்டுடு."