ஒரே அறையில் இருவர்

கோவளத்தில் எந்த வயரும் இரண்டு மழைக்காலத்துக்கு மேல் உழைக்காது. உப்புக்காற்று செம்பைத் தின்றுவிடும். ஆகையால், வீட்டில் நெட் வரவில்லை என்று நான் சொன்னபோது எவரும் ஐயுறவில்லை.

என் மகள் ஜெபா நாவலூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தவள். இரத்தப் புற்று என்று தெரிந்து, செய்யக்கூடிய வைத்தியமெல்லாம் செய்து முடித்தபின், வீட்டுக்கு அழைத்துச் சென்று அவள் மனம்போல் வைத்துக்கொள்ளும்படி மருத்துவர் என்னிடம் சொன்னார். அவளுடைய தாய் முன்னமே காலமாகிவிட்டாள். நான் ஓய்வுபெற்ற ஆசிரியன். எனக்கு வேறு வேலை கிடையாது. மாலைப் பொழுதுகளை அவளுடன் பேசிக் கழிக்கலாம் என்று எண்ணியிருந்தேன். எங்களுக்குள் பேசாமல் விட்டவை பல இருந்தன.

ஆனால், மாலையானால் ருக்சானா வந்துவிடுவாள். தர்கா பக்கத்துப் பெண். ஜெபாவுடன் ஒரே அலுவலகம், ஒரே பஸ். இருவரும் டிவியின் முன் பாய் விரித்து, ஆளுக்கொரு கன்ட்ரோலரைப் பிடித்துக்கொண்டு ஒரு விளையாட்டை ஆடுவர். திரையில் ஒரு படகு. ஒருத்தி துடுப்புப் போட வேண்டும். மற்றவள் சுக்கான் பிடிக்க வேண்டும். புயற்கடலைத் தாண்டிக் கலங்கரை விளக்கத்தை அடைந்தால் ஆட்டம் முடியும். தனியொருவர் ஆட இயலாது. தான் போவதற்குள் அந்த விளக்கைப் பார்த்துவிட வேண்டும் என்று ஜெபா சொல்லியிருந்தாள். அவள் வேறெதுவும் கேட்கவில்லை.

"ரைட்ல திருப்புன்னா இன்னாடி பண்ற? பாறையில போய் முட்டிகினு கீற!"

"நீ போடற துடுப்புக்கு இந்த மட்டும் வந்ததே பெருசு. மூடிகினு ஓட்டு," என்று ஜெபா சிரிப்பாள்.

என்னோடு பேசுகையில் அவள் அப்படிச் சிரித்ததில்லை. மாத்திரை போட்டாயா என்பேன், போட்டேன் என்பாள். அவ்வளவுதான் எங்கள் உரையாடல்.

ஒருநாள் கரண்ட் போய் வந்தது. டிவி வந்துவிட்டது, நெட் வரவில்லை. ஆட்டம் தொடங்க மறுத்தது. அருகருகே அமர்ந்து ஒரே டிவியில் ஆடினாலும் இருவரின் பெயரையும் இணையத்தின் வழியே எங்கோ சரிபார்த்த பின்னரே அது இடங்கொடுக்குமாம்; நடுவில் நெட் அறுந்தாலும் நின்றுவிடுமாம். அன்றுதான் அதை அறிந்தேன்.

"ஒரே பாய்ல குந்திகினு கீறோம்," என்றாள் ஜெபா. "நம்மள சேத்து வைக்க எங்கயோ கீற கம்பெனிக்காரன் சரின்னு சொல்லணுமாம்!"

"நிக்காஹ்வுக்குக் கூட இவ்ளோ பேஜார் கெடையாதுடி," என்றாள் ருக்சானா.

நானும் சிரித்தேன். சற்று நேரத்தில் நெட் வந்துவிட்டது. மறுநாள் என் அறையிலிருந்த வைஃபை பெட்டியின் பின்புறத்து வயரைச் சற்றே தளர்த்தி வைத்தேன். ருக்சானா என் அறைக்குள் நுழைய மாட்டாள். மரியாதை தெரிந்த பெண். கேபிள்காரர் ஆல்வினிடம் சொல்லிவிட்டதாகவும், அவர் வருவார் என்றும் கூறினேன். நான் அவரிடம் எதுவும் சொல்லவில்லை. நோயாளிக்கு ஓய்வு வேண்டும் என்பது என் எண்ணம். அதில் தவறில்லை என்றே அப்போது தோன்றியது.

சில நாட்கள் பொறுத்தபின் ருக்சானா ஒரு வழி கண்டுபிடித்தாள். எங்கள் வீட்டுக்குள் போனுக்குச் சிக்னல் எட்டாது. மொட்டைமாடியில் நன்றாகக் கிடைக்கும். அவளுடைய போனை அங்கே வைத்தால் அதன் நெட் கீழே டிவிக்கு வந்துவிடும் என்றாள். அன்று தூறல் விழுந்துகொண்டிருந்தது.

"அங்கிள், நான் மேல நின்னா இங்க ஆட ஆளில்ல. நீங்கதான் போனுக்குக் குடை புடிக்கணும்."

"எங்கப்பா கல்யாணத்துல கூட யாருக்கும் குடை புடிச்சதில்லடி," என்று சொல்லி ஜெபா என்னைப் பார்த்துச் சிரித்தாள். எனக்காக அவள் சிரித்த சிரிப்பு அது ஒன்றுதான்.

நான் மாடியில் நின்றேன். குடை போனின் மேல் இருந்தது, நான் நனைந்துகொண்டிருந்தேன். படிக்கட்டு வழியே அவர்களின் கூச்சல் ஏறி வந்தது. பாறை, அலை, துடுப்பு என்று ஒரே ஆரவாரம். பிறகு ஜெபாவின் குரல் தனியாகக் கேட்டது.

"விளக்கு தெரியுதுடி! அதோ, தெரியுதுடி!"

அந்தக் குரலை அவளுடைய பள்ளிப் பருவத்துக்குப் பின் நான் கேட்டதில்லை. அது என்னை நோக்கி எழுந்த குரலன்று. போனின் திரையில் சிறிய விமானப் படம் ஒன்றிருந்தது. அதைத் தொட்டால் எல்லாத் தொடர்பும் நின்றுவிடும் என்பது எனக்குத் தெரியும். தொட்டேன். கீழே சத்தம் அடங்கியது. சிறிது பொறுத்து மீண்டும் தொட்டு, முன்போல் ஆக்கிவிட்டு இறங்கினேன்.

டவர் போய்விட்டது என்றேன். அவர்கள் நம்பினார்கள். ஜெபா தன் துண்டை எடுத்து என் தலையைத் துவட்டினாள். "பரவால்லப்பா. எப்டி நனைஞ்சிட்ட பாரு. நாளைக்கு ஆடிக்கலாம்," என்றாள்.

ருக்சானா போனபின் அந்த மாலை முழுவதும் எனக்குக் கிடைத்தது. ஜெபா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பேச நினைத்தவற்றுள் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. மறுநாள் காலையில் அவளுக்குக் காய்ச்சல் ஏறியது. ஆஸ்பத்திரிக்குப் போனவள் உயிருடன் திரும்பவில்லை.

அடக்கத்துக்குப் பின் ஒரு மாலை ருக்சானா வந்தாள். "படகு அப்டியே நடுக்கடல்ல நிக்குது அங்கிள். ரெண்டு பேர் இல்லாம ஒண்ணும் பண்ண முடியாது. நீங்க அவ கன்ட்ரோலர புடிக்கிறீங்களா?" என்று கேட்டு அழுதாள்.

பிடித்தேன். அன்று முதல் அவள் மாலைதோறும் வருகிறாள். நாங்கள் பாயில் அருகருகே அமர்கிறோம். திரையில் ஜெபாவின் பெயரில்தான் நான் ஆடுகிறேன். வயரை அழுத்திச் செருகிவிட்டேன். இணைப்பு ஒரு நாளும் அறுந்ததில்லை. ருக்சானா தன் வீட்டுக் கதை, ஆபீஸ் கதை எல்லாம் சொல்கிறாள். என்னைக் கேலியும் செய்கிறாள். ஆட்டம் முடிந்த அன்று அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவதென்று தீர்மானித்திருக்கிறேன்.

ஆனால், விளக்குத் தெரியும் இடத்துக்கு வரும்போதெல்லாம் என் கை நடுங்கி, படகு பாறையில் மோதிவிடுகிறது. "வயசாய்டுச்சுல்ல அங்கிள், மெதுவா ஆடலாம். எனக்கு இன்னா அவசரம்?" என்கிறாள் அவள்.

வாழ்நாளெல்லாம் கரும்பலகையில் அடிக்கோல் இல்லாமல் நேர்க்கோடு இழுத்த கை இது. இன்றுவரை அது நடுங்கியதில்லை, கன்ட்ரோலரைப் பிடித்தபோதும்.