செத்த நாய் குரைத்த புத்தகம்

கோரிமேடு போகும் பஸ். நெல்லித்தோப்பில் ஏறிய இரண்டு பெண்கள் என் முன் சீட்டில் உட்கார்ந்தார்கள். கண்ணாடி போட்டிருந்த மூத்தவர்தான் ஆரம்பித்தார்.

“நான் கொன்ன நாயை நீ எப்படிடி குலைக்க வெச்சே?”

“எந்த நாய்க்கா?”

“நம்ம கதையில துப்பறியுற பசங்க வளக்குதுங்களே, அந்த நாய்தான். போன புக்குல அதை நான் சாகடிச்சுட்டேன். உன் புக்குல வந்து திருடனைப் பிடிக்குது.”

“நீங்க எழுதினதை எனக்கு யாரு காட்டுனா? பதிப்பகத்துல இல்லாத ஆளு ஒருத்தன் பேரை அட்டையில போட்டுட்டு, நம்ம ரெண்டு பேரையும் மாத்தி மாத்தி எழுதச் சொல்றாங்க. ஏன், படிக்கிற பசங்க திட்டி லெட்டர் போட்டாங்களா?”

மூத்தவர் பையிலிருந்து ஒரு இன்லண்ட் லெட்டரை எடுத்துப் படித்தார்.

“‘நாய் செத்ததும் நான் ரொம்ப அழுதேன். எனக்காகத் திரும்பக் கொண்டு வந்ததுக்கு நன்றி அங்கிள்.’”

இளையவர் சிரித்துவிட்டார். “அதை ஏன்க்கா கொன்னீங்க?”

“எங்க வீட்டு நாய் செத்த வாரம் எழுதினது.”

கண்டக்டர் வந்து டிக்கெட் கொடுத்துவிட்டுப் போனார்.

“தெரியாமப் பண்ணிட்டேன்க்கா. அடுத்த புக்கு உங்களுதுதானே, திரும்ப சாகடிச்சுடுங்க.”

“எங்க சாகடிக்கிறது? மூணு அத்தியாயம் எழுதிட்டேன். மூணுலயும் குலைச்சுக்கிட்டிருக்கு.”